முகத்தைத் தொடும் முன் உண்மையைச் சொல்லுங்கள்: பாச்சாங் வட்டார இளையோர், பெற்றோர் கோரிக்கைச் சாசனம்

சுகாதார அமைச்சு, மலாக்கா மாநில சுகாதாரத் துறை, மாநிலத்தின் நான்கு ஊராட்சி மன்றங்கள், அழகியல் சிகிச்சை தரும் கிளினிக்குகள், அழகு நிலைய உரிமையாளர்கள் ஆகியோரின் கவனத்துக்கு.

பாச்சாங், செங், மாலிம், பத்து பெரெண்டாம், புக்கிட் பாரு ஆகிய இடங்களிலும், ஜாசின், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலும் வாழும் இளையோரும் அவர்களைப் பெற்றவர்களும் சேர்ந்து இந்தச் சாசனத்தை வைக்கிறோம். எங்கள் பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு, இருபத்தைந்து வயதுதான் ஆகிறது. கன்னம் தொங்குகிறது, தாடை எடுப்பாக இல்லை, வாயோரம் கோடு விழுந்துவிட்டது என்று கவலைப்படுகிறார்கள். அறுவை சிகிச்சை இல்லை, வலி இல்லை, மதிய இடைவேளையில் முடித்துவிடலாம் என்ற விளம்பரத்தைப் பார்த்துவிட்டு கடைவரிசையில் உள்ள அழகு நிலையத்தில் பேக்கேஜ் எடுக்கிறார்கள். இந்த நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம் 2025 பிப்ரவரி முதல் 1,700 ரிங்கிட். தொழிற்சாலையில் இரவு வேலை பார்த்துச் சேர்த்த அந்தப் பணம்தான் இந்தப் பேக்கேஜுகளுக்குப் போகிறது.

அழகாக இருக்க ஆசைப்படுவதை நாங்கள் குறை சொல்லவில்லை. அந்த ஆசையைப் பழிப்பவர்களோடு எங்களுக்கு உடன்பாடும் இல்லை. அவர்களிடம் பணம் வாங்குகிறவர்கள் உண்மையைச் சொல்ல வேண்டும், அதைச் சட்டம் உறுதிசெய்ய வேண்டும் என்பதே எங்கள் கோரிக்கை.

முதல் கோரிக்கை: எந்திரத்துக்கு முன் நோயறிதல்.

இளம் வயதில் முகம் தளர்வாகத் தெரிந்தால் அதற்குக் காரணம் பல இருக்கலாம். உடல் எடை வேகமாகக் குறைந்திருக்கலாம். எடைக்குறைப்பு ஊசிகள் பரவிய பிறகு இப்படி வருகிறவர்கள் கூடியிருக்கிறார்கள். பருவில் ஏற்பட்ட பள்ளங்கள் தோலை உள்ளிழுத்துத் தொய்வு போலக் காட்டலாம். புகைப்பழக்கமும் வெயிலும் கொலாஜன், எலாஸ்டின் ஆகிய புரதங்களைச் சிதைத்திருக்கலாம். சிலருக்குத் தாடை எலும்பின் அமைப்பே அப்படி இருக்கும். தோலில் எந்தக் குறையும் இருக்காது. மிகச் சிலருக்குப் பிறவியிலேயே தோலின் மீள்தன்மை குறைந்திருக்கும். இவர்கள் எல்லாருக்கும் ஒரே எந்திரத்தை ஒரே விலைக்கு விற்பது மருத்துவம் ஆகாது.

இதில் அவசரமான ஒன்றும் உண்டு. முகத்தின் ஒரு பக்கம் மட்டும் திடீரென்று தொங்கினால் அது தோல் சம்பந்தப்பட்டதே அல்ல. முகநரம்பு செயலிழந்திருக்கலாம், பக்கவாதமாகவும் இருக்கலாம். இமை மட்டும் சாய்ந்து மாலையில் கூடுதலாகத் தொங்கினால் தசை நரம்பு நோய் இருக்கக்கூடும். அப்படி வருகிறவரைப் படுக்க வைத்து மசாஜ் செய்யாமல் உடனே மருத்துவமனைக்கு அனுப்பும் அறிவு ஒவ்வோர் அழகு நிலையப் பணியாளருக்கும் இருக்க வேண்டும். உரிமம் புதுப்பிக்கும்போது ஊராட்சி மன்றங்கள் இந்தப் பயிற்சியை நிபந்தனையாக்க வேண்டும் என்று கேட்கிறோம்.

கைப்பேசியில் எடுத்த படத்தை வைத்து முகத்தை மதிப்பிடுவதும் நிற்க வேண்டும். 12 அங்குல தூரத்தில் எடுக்கும் செல்ஃபி மூக்கின் அகலத்தைச் சுமார் 30 விழுக்காடு கூட்டிக் காட்டும் என்று 2018இல் அமெரிக்க மருத்துவர்கள் கணக்கிட்டுச் சொன்னார்கள். கண்ணாடியில் பார்க்கும் முகம் வேறு, கைநீட்டிப் பிடித்த கேமராவில் தெரியும் முகம் வேறு. அந்தப் படத்தைக் காட்டி இருபது வயதுப் பெண்ணிடம் "உங்களுக்குத் தொய்வு இருக்கிறது" என்று சொல்வது அநியாயம்.

இரண்டாவது கோரிக்கை: எது எவ்வளவு செய்யும் என்பதை எழுத்தில் கொடுங்கள்.

ஹைஃபு என்று அழைக்கப்படும் ஒலியலைச் சிகிச்சை தோலுக்கடியில் ஒன்றரை முதல் நான்கரை மில்லிமீட்டர் ஆழத்தில் புள்ளி புள்ளியாகச் சூடேற்றுகிறது. அந்தச் சிறு காயங்கள் ஆறும்போது புதிய கொலாஜன் உருவாகிறது. இதே தத்துவத்தில் இயங்கும் ஒரு கருவிக்கு, புருவத்தை உயர்த்த அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2009இல் அனுமதி தந்தது. கழுத்துக்கும் மோவாய்க்கடிக்கும் 2012இல் தந்தது. பலன் தெரிய இரண்டு முதல் ஆறு மாதம் பிடிக்கும். பலனும் மிதமானதுதான், காலப்போக்கில் மங்கும். ரேடியோ அலைச் சூட்டுச் சிகிச்சையும் ஏறக்குறைய இதே கதை. "ஒரே நாளில் பத்து வயது குறையும்" என்று சுவரொட்டியில் எழுதுகிறவர்கள் சிகிச்சை முடிந்தவுடன் தெரியும் வீக்கத்தைத்தான் பலன் என்று விற்கிறார்கள்.

விளம்பரத்தில் வராத செய்தியைத்தான் இளையோர் முக்கியமாகத் தெரிந்துகொள்ள வேண்டும். முகத்தின் இளமைக்குக் கன்னத்துக் கொழுப்பும் ஒரு காரணம். ஒல்லியான முகத்தில் சூடு அளவு மீறினால் அந்தக் கொழுப்பு கரைந்து கன்னம் ஒட்டிப்போகும். இறுக்கமாக்கப் போன முகம் வயதான முகமாகத் திரும்பிவரும். தாடையோர நரம்பு பாதிக்கப்பட்டு வாய் ஒரு பக்கம் கோணுவதும் நடந்திருக்கிறது. பெரும்பாலும் சரியாகிவிடும் என்றாலும் அந்த வாரங்களை அனுபவிப்பவர்களுக்குத்தான் அதன் கொடுமை தெரியும். கண்ணுக்கு மிக அருகில் ஹைஃபு செய்து கண்புரை வந்த நேர்வுகளும் மருத்துவ இதழ்களில் பதிவாகியிருக்கின்றன.

கரையும் நூல் போட்டுத் தூக்குவது சில மாதங்களுக்குத்தான் நிற்கும். நூல் தோலுக்கு மேல் துருத்துவதும் சீழ் பிடிப்பதும் உண்டு. ஃபில்லர் ஊசியால் உடனே மாற்றம் தெரியும், ஆனால் அது தோலை இறுக்குவதில்லை, பள்ளத்தை நிரப்புகிறது. அந்த ஊசி தவறி ரத்தக்குழாய்க்குள் போனால் தோல் கருகலாம், கண்பார்வை போகலாம். ஹைலுரோனிக் அமில ஃபில்லரைக் கரைக்க ஹைலுரோனிடேஸ் என்ற மருந்து உண்டு. அது கையிருப்பில் இல்லாத இடத்தில் யாரும் ஃபில்லர் போடக்கூடாது. இதை விதியாக்குங்கள். பார்வை போகும் நிலையில் அவகாசம் நிமிடக் கணக்கில்தான் இருக்கும். அந்த நேரத்தில் மருந்து தேடி மலாக்கா மருத்துவமனைக்கு ஓட முடியாது.

மூன்றாவது கோரிக்கை: ஊசியும் நூலும் மருத்துவரின் கையில் மட்டும்.

சட்டம் இருக்கிறது. 1998ஆம் ஆண்டு தனியார் சுகாதாரப் பராமரிப்பு வசதிகள், சேவைகள் சட்டத்தின்படி, பதிவில்லாத இடத்தில் கிளினிக் நடத்தும் தனிநபருக்கு 300,000 ரிங்கிட் வரை அபராதமோ ஆறாண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். அழகியல் சிகிச்சை செய்யும் மருத்துவர் எல்.சி.பி. என்ற தகுதிச் சான்று பெற்றிருக்க வேண்டும் என்று அமைச்சே சொல்கிறது. இருந்தும் 2020 அக்டோபரில் கோலாலம்பூர் செராஸில் ஓர் அழகு நிலையத்தில் கைக்கொழுப்பை உறிஞ்சும் சிகிச்சை செய்துகொண்ட 23 வயதுப் பெண் இறந்துபோனார். அந்தச் செய்தியைப் படித்த தாய்மார்கள் எங்களில் பலர். எங்கள் மகளுக்கும் அதே வயது என்று நினைக்காதவர் இல்லை.

எல்.சி.பி. வைத்திருக்கும் மருத்துவர்களின் பட்டியலைத் தமிழ், மலாய், சீனம், ஆங்கிலம் ஆகிய நான்கு மொழிகளிலும், மாநிலம் வாரியாக, கைப்பேசியில் எளிதில் தேடும்படி வெளியிடுங்கள். சான்றைக் கிளினிக்கின் முகப்பில் மாட்டச் சொல்லுங்கள். விளம்பரத்தில் மருந்து விளம்பர வாரியத்தின் கே.கே.எல்.ஐ.யூ. எண் இல்லையென்றால் அதைக் கண்ட எவரும் ஒரே தட்டலில் புகார் செய்ய வழி வேண்டும். புகாருக்கு என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது என்பதும் வெளியே தெரிய வேண்டும். ஆண்டுக்கொரு முறை சோதனை நடத்திப் பத்திரிகையில் படம் போடுவதோடு விடாதீர்கள்.

நான்காவது கோரிக்கை எங்கள் நிறத்தைப் பற்றியது. சில லேசர்களும் ஒளிச்சிகிச்சைகளும் பாய்ச்சும் ஒளி தோலின் நிறமியான மெலனினில் உறிஞ்சப்படுகிறது. மாநிறத்திலும் கருநிறத்திலும் அவை எளிதில் சுட்டுவிடும்; சுட்ட இடம் மாதக்கணக்கில் கறுத்துக் கிடக்கும். ஒலியலையும் ரேடியோ அலையும் நிறத்தைச் சார்ந்து இயங்குவதில்லை என்பதால் எங்கள் தோலுக்கு ஒப்பீட்டளவில் ஏற்றவை. இந்த வேறுபாட்டை முன்கூட்டியே சொல்ல வேண்டும். முகத்தில் செய்யும் முன் காதுக்குப் பின்னால் சிறு இடத்தில் சோதித்துப் பார்த்து, ஆறிய பிறகே தொடர வேண்டும். வெள்ளைத் தோலில் எடுத்த "முன், பின்" படங்களைக் காட்டி எங்கள் பிள்ளைகளிடம் விற்பதை நிறுத்துங்கள்.

ஐந்தாவதாக, பதினெட்டு வயது நிரம்பாதவர்களுக்கு அழகுக்காக போடோக்ஸும் ஃபில்லரும் போடுவதை இங்கிலாந்து 2021 அக்டோபர் 1 முதல் சட்டப்படி தடை செய்திருக்கிறது. மலேசியாவிலும் அதே தடை வேண்டும். பெற்றோர் கையெழுத்துப் போட்டாலும் விலக்குக் கூடாது.

ஆறாவது கோரிக்கை கிரீம்களைப் பற்றியது. எங்கள் வீடுகளில் மிக ஆழமாக வேரூன்றிய சிக்கல் இது. சந்தையிலும் இணையத்திலும் ரகசியமாக விற்கப்படும் வெளுப்புக் கிரீம்களில் பாதரசமும் பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டும் இருப்பதை தேசிய மருந்து ஒழுங்குமுறை நிறுவனம் திரும்பத் திரும்பக் கண்டுபிடித்து அறிவித்து வருகிறது. பினாங்கு பயனீட்டாளர் சங்கம் ஆண்டாண்டாக எச்சரித்து வருகிறது. ஸ்டீராய்டு கிரீமை மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து, ரத்தக்குழாய்கள் தெரியத் தொடங்கும். இருபது வயதிலேயே தோல் தளர்வதற்கு இதுவும் ஒரு காரணம். வெளுப்புக் கிரீம் சிறுநீரகத்தையும் விடுவதில்லை. கேரளத்தின் கோட்டக்கல் மருத்துவர்கள் 2021 முதல் 2023 வரை பார்த்த ஒருவகைச் சிறுநீரக நோயாளிகளில் 15 பேருக்குக் குறிப்பிட்ட ஓர் அடையாளம் இருந்தது. அவர்களில் 13 பேர் வெளுப்புக் கிரீம் பூசியவர்கள். அழகுப்பொருளுக்கு அறிவிப்பு எண் போதும், மருந்துக்கே மால் எண் கொண்ட பதிவு வேண்டும் என்ற வேறுபாடு சாதாரண மக்களுக்குத் தெரியாது. அறிவிப்பு எண் இருப்பதால் அரசாங்கம் சோதித்துப் பார்த்துவிட்டது என்று அர்த்தமில்லை. இதைத் தமிழ்ப்பள்ளிப் பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டங்களிலும் கோயில் திருவிழாக்களிலும் சுகாதாரத் துறை நேரில் வந்து விளக்க வேண்டும்.

ஏழாவது: மலிவாகக் கிடைப்பதை முதலில் கொடுங்கள்.

ஆஸ்திரேலியாவின் நாம்பர் ஊரில் 55 வயதுக்குட்பட்ட 903 பேரை நான்கரை ஆண்டு கவனித்து 2013இல் வெளியான ஆய்வில், நாள்தோறும் சன்ஸ்கிரீன் பூசியவர்களின் தோல் மற்றவர்களைவிட 24 விழுக்காடு குறைவாகவே முதுமையடைந்திருந்தது. மலாக்கா பூமத்திய ரேகையிலிருந்து இரண்டு டிகிரி தூரத்தில்தான் இருக்கிறது. தோட்டத்தில் உரம் போடுகிற அக்காவும், மோட்டார் சைக்கிளில் ஆயர் குரோவுக்கு வேலைக்குப் போகிற தம்பியும் வாங்கும் வெயில் சாதாரணமானதல்ல. எஸ்.பி.எஃப். 30க்குக் குறையாத சன்ஸ்கிரீனையும் அகல விளிம்புத் தொப்பியையும் கையுறை, காலணி போலவே பாதுகாப்புச் சாதனமாகத் தோட்ட நிர்வாகங்கள் தர வேண்டும். வயதோடு வரும் மெல்லிய கோடுகளுக்கு ட்ரெடினோயின் களிம்பு உதவும் என்பதற்கு நல்ல சான்று உண்டு. கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டிய மருந்து அது. இவற்றைப் பற்றிய ஆலோசனை ஒரு ரிங்கிட் கட்டணத்தில் அரசாங்க சுகாதாரக் கிளினிக்கிலேயே கிடைக்க வேண்டும். தேவைப்பட்டால் மட்டும் மலாக்கா மருத்துவமனையின் தோல் நோய்ப் பிரிவுக்கு அனுப்பட்டும். "இது உங்களுக்குத் தேவையில்லை, தம்பி" என்று சொல்லக்கூடிய, விற்க எதுவும் இல்லாத ஒரு மருத்துவர் எங்கள் பிள்ளைகளுக்குக் கிடைக்க வேண்டும்.

கடைசியாக, ஒப்பந்தம். ஆபத்து, பலன், விலை, யார் செய்வார் என்ற நான்கும் தமிழில் இருக்க வேண்டும். கையெழுத்துக்கும் சிகிச்சைக்கும் இடையில் குறைந்தது ஏழு நாள் இடைவெளி வேண்டும். இன்று எடுத்தால்தான் கழிவு என்று நெருக்குவதைத் தடை செய்யுங்கள். முன்பணம் வாங்கிய பேக்கேஜை இடையில் நிறுத்தும் உரிமை 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தில் இருக்கிறது. அந்த வரியை ரசீதிலேயே அச்சடிக்கச் சொல்லுங்கள்.

ஏற்கனவே பாதிக்கப்பட்டவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்கப்பட்டு ஒதுங்கிவிடாதீர்கள். ரசீதையும் படங்களையும் பத்திரப்படுத்துங்கள். முதலில் மருத்துவரைப் பாருங்கள், பிறகு மாநில சுகாதாரத் துறையில் புகார் கொடுங்கள். பணத்தைத் திரும்பக் கேட்கப் பயனீட்டாளர் நடுவர் மன்றம் இருக்கிறது. வழக்கறிஞர் தேவையில்லை. 50,000 ரிங்கிட் வரை கோரலாம். கட்டணம் 5 ரிங்கிட்.