பிள்ளையார் சுழி மட்டும் போட்டால் போதாது

"அர்த்தம் புரிந்தால் சரி சார், இலக்கணம் எதற்கு?" ஆங்கிலத்தைப் பற்றிப் பேச்செடுத்தாலே யாராவது இப்படிக் கேட்கிறார்கள். துறையூரிலும் கேட்கிறார்கள், திருச்சியிலும் கேட்கிறார்கள். இதை நான் ஒப்புக்கொள்ள மாட்டேன். ஒரு வேலையைத் தொடங்கியதாகச் சொல்லும் இடத்தில் இலக்கணம் பிசகினால் அர்த்தமே பிசகிவிடும்.

'செட் அவுட் டு ரிப்பேர்' என்றால், பழுதுபார்க்கும் எண்ணத்தோடு கிளம்பினான், அவ்வளவுதான். 'செட் அபவுட் ரிப்பேரிங்' என்றால் வேலையில் கை வைத்துவிட்டான். 'ஸ்டார்ட்டட் டு ஸ்பீக்' என்றால் பேச வாயெடுத்தார். அதோடு நின்றும் போயிருக்கலாம். 'ஸ்டார்ட்டட் ஸ்பீக்கிங்' என்றால் பேசவே ஆரம்பித்துவிட்டார். 'கெட் டவுன் டு' என்பதற்குப் பின்னால் 'ரைட்டிங்' வரும், 'ரைட்' வராது. 'எம்பார்க்' என்றால் கூடவே 'ஆன்' வேண்டும். அது கப்பல் ஏறுவதைக் குறிக்கும் சொல்; பெரிய காரியங்களுக்கு வைத்துக்கொள்ளுங்கள், காபி போடுவதற்கு வேண்டாம்.

இது வெள்ளைக்காரன் மட்டும் பார்க்கிற நுணுக்கம் இல்லை. நான் பிரெஞ்சு மீடியத்தில் படித்தவன். அந்த மொழியில் 'கொமான்சே' என்ற வினையோடு 'ஆ' சேர்ந்தால் ஒன்றைச் செய்யத் தொடங்குவது. 'பார்' சேர்ந்தால் முதல் காரியமாக அதைச் செய்வது. தமிழிலும் 'எழுதப் போனான்', 'எழுத உட்கார்ந்தான்', 'எழுத ஆரம்பித்தான்' மூன்றும் ஒன்றா? பள்ளிக்கூடம் போகாத பாட்டிக்கும் வித்தியாசம் தெரியும்.

தெரியாதது போல் நடிப்பது ஆபீஸ்தான். 'ஆக்‌ஷன் ஹேஸ் பீன் இனிஷியேட்டட்' என்று ஒரு வாக்கியம் உண்டு. இலக்கணப்படி குற்றமில்லை. ஆனால் யார் தொடங்கினார், எதைத் தொடங்கினார், என்றைக்கு? ஒன்றும் இல்லை. 'செட் அவுட்' அளவுக்குக்கூட நடக்காததை 'செட் அபவுட்' மாதிரி காட்டுகிற வித்தை இது. 1956-ல் தமிழ் ஆட்சிமொழிச் சட்டம் வந்தது. கோப்புகள் தமிழுக்கு மாறின. இந்த வாக்கியமோ கோட்டைக் கழற்றிவிட்டு வேட்டி கட்டிக்கொண்டு, 'நடவடிக்கை எடுக்கப்பட்டு வருகிறது' என்று அதே நாற்காலியில் உட்கார்ந்துவிட்டது.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம் என்கிறீர்களா? குடும்ப ஓய்வூதியத்துக்கு மனுப்போட்ட ஓர் அம்மாளுக்கு இதே வாக்கியத்தில் பதில் வந்தது. வேலை தொடங்கிவிட்டதென்று நம்பி நாலு மாதம் காத்திருந்தார். ஒரு சான்றிதழ் குறைகிறது என்று அவருக்கு யாரும் எழுதவில்லை. கோப்பு கட்டுப் பிரிக்கப்படவே இல்லை.

ஆகவே, பேரப்பிள்ளைகளுக்கு இந்த வினைகளைச் சரியாகச் சொல்லிக்கொடுங்கள். பெரியவர்கள் இன்னொன்றும் செய்யலாம். 'நடவடிக்கை தொடங்கப்பட்டது' என்று கடிதம் வந்தால், 2005-ஆம் வருஷத் தகவல் உரிமைச் சட்டத்தில் ஒரு மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் சொல்ல வேண்டும். தொடங்கியவர் எந்தப் பதவியில் இருப்பவர், எந்தத் தேதியில் தொடங்கினார், கோப்பில் என்ன குறிப்பு எழுதினார் என்று கேளுங்கள். காணாமல் போன எழுவாய் அப்போது தானாக வெளியே வரும்.