பெட்டிக்குள் கிடந்த சிலம்பு

தண்டனை உறுதியானபின், 'சாட்சியத்தை மறைத்தார்கள், என் வழக்கறிஞர் ஒழுங்காக வாதாடவில்லை' என்று முறையிடுவதெல்லாம் சாவைத் தள்ளிப்போடும் தந்திரம் என்கிறார்கள். வழக்குக்கு ஒரு முடிவு வேண்டாமா என்று கேட்கிறார்கள். கொலையுண்டவரின் குடும்பம் கேட்டால் அது நியாயமான கேள்வி. ரிச்சர்ட் கிளாசிப் வழக்கை அறிந்தபின்னும் சட்ட அறிஞர்கள் அதையே கேட்பதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

1997 ஜனவரியில் அமெரிக்காவின் ஓக்லஹோமா நகரில் விடுதி உரிமையாளர் பாரி வான் ட்ரீஸ் அடித்துக் கொல்லப்பட்டார். கொன்றவன் ஜஸ்டின் ஸ்னீட் என்ற பணியாள். மேலாளர் கிளாசிப்தான் பணத்தாசை காட்டித் தூண்டினார் என்று சாட்சி சொல்லி அவன் மரண தண்டனையிலிருந்து தப்பினான். 1998இல் அது கிளாசிப்புக்குக் கிடைத்தது. ஸ்னீடைக் காவல்துறை விசாரித்த ஒளிநாடாவைக் குறுக்கு விசாரணையில் வழக்கறிஞர் பயன்படுத்தவே இல்லை. அதற்காக மாநில மேல்முறையீட்டு நீதிமன்றமே 2001இல் தீர்ப்பை ரத்து செய்தது. 2004இல் மறுவிசாரணை, மறுபடியும் மரண தண்டனை.

அந்த மறுவிசாரணையில்தான் ஸ்னீட், தான் மனநல மருத்துவரைப் பார்த்ததே இல்லை, சளிக்கு மாத்திரை கேட்டதற்கு ஏனோ லித்தியம் கொடுத்துவிட்டார்கள் என்றான். உண்மையில் சிறையில் மனநல மருத்துவர் ஒருவர் எழுதிக்கொடுத்த மருந்து அது. அரசு வழக்கறிஞரின் கைக்குறிப்பிலேயே லித்தியமும் அந்த மருத்துவரின் பெயரும் (சற்றுத் திரிந்த வடிவில்) இருந்தன. அந்தக் குறிப்பு கிடந்த பெட்டி கிளாசிப் தரப்புக்குத் திறந்தது 2023இல். அதற்குள் மூன்று முறை அவருக்குக் கடைசி உணவு பரிமாறியாகிவிட்டது. 2015 செப்டம்பரில் அவர் பிழைத்தது நீதியால் அல்ல, தவறான மருந்து வந்துசேர்ந்ததால்!

மாநிலத்தின் தலைமை வழக்கறிஞரே பிழை நேர்ந்ததை ஒப்புக்கொண்டார். மாநில நீதிமன்றம் ஏற்கவில்லை. அது சொன்ன காரணங்களில் ஒன்று, இதை முன்பே எழுப்பியிருக்கலாம் என்பது. எதிர்த்தரப்பின் பெட்டிக்குள் இருந்ததை எப்படி முன்பே எழுப்புவது? கண்ணகியின் கையிலாவது இன்னொரு சிலம்பு இருந்தது. இங்கே அதுவும் அரண்மனையிலேயே பூட்டிக் கிடந்தது. வழக்காட வந்தவரிடம் ஏன் தாமதம் என்கிறார்கள்.

2025 பிப்ரவரியில் அமெரிக்க உச்ச நீதிமன்றம் தண்டனையை ரத்து செய்து புதிய விசாரணைக்கு உத்தரவிட்டது. கிளாசிப் குற்றமற்றவர் என்று அது சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சாதகமான சாட்சியத்தை மறைக்கக்கூடாது என்று 1963இலேயே பிராடி வழக்கில் விதித்த நீதிமன்றம்தான் அது. ஆனால் 1984இன் ஸ்டிரிக்லண்ட் தீர்ப்பில், வழக்கறிஞர் தவறினார் என்றால் மட்டும் போதாது, அவர் தவறாதிருந்தால் முடிவு மாறியிருக்கக்கூடும் என்றும் காட்ட வேண்டும் என்றது. எதை வைத்துக் காட்டுவது? பெரும்பாலும், அதே வழக்கறிஞர் விட்டுச்சென்ற அரைகுறை ஆவணங்களை வைத்துத்தான்.