அலரியில் வளரும் பச்சை விட்டில்

சகோதரிகளே, திருகோணமலைத் துறைமுகத்தைச் சுற்றி, கிண்ணியாவிலோ மூதூரிலோ உங்கள் முற்றத்து அலரியில் விரல் பருமனான பச்சைப் புழுவைக் கண்டால் செருப்பைத் தேடாதீர்கள். தலைக்குப் பின்னே முறைக்கும் இரண்டு நீலக் கண்களும் வெறும் புள்ளிகளே. வாலிலுள்ள கொம்பு குத்தாது. மயிர்க்கொட்டியைப் போல அரிக்கவும் செய்யாது.

சில வாரங்களில் அதுவே பச்சை, வெள்ளை, இளஞ்சிவப்புக் கோலம் போட்ட விட்டிலாகிவிடும். சிறகை விரித்தால் சுமார் 10 சென்ரிமீற்றர்! மஃரிபுக்குப் பின் பூவில் உட்காராமல், அந்தரத்தில் நின்றே தேன் உறிஞ்சும். ஆபிரிக்காவிலும் தென்னாசியாவிலும் வாழும் இந்த இனம், கோடையில் கடல் கடந்து ஐரோப்பாவுக்கும் பறக்கிறது.

அஞ்ச வேண்டியது செடிக்குத்தான். புழு தின்று கொழுக்கும் அதே இலை நமக்கும், குர்பானிக்கு வளர்க்கும் ஆட்டுக்கும் இதயத்தைத் தாக்கும் நஞ்சு. அலரியைக் கிள்ளி விளையாடிய பிள்ளைக்குக் கையைக் கழுவிவிட்டே சோறு கொடுங்கள்.