ரிப்போர்ட்டில் ‘வேரியன்ட்’ என்று இருக்கா? பதறாதீங்க, தூக்கியும் போடாதீங்க!

கட்டை விரலையும் சுண்டு விரலையும் சேர்த்துவைத்து, மணிக்கட்டை லேசாக உள்பக்கம் மடக்கிப் பாருங்கள். நடுவில் கயிறு மாதிரி ஒன்று புடைத்துத் தெரிகிறதா? பலர் ‘நரம்பு’ என்று சொல்லும் அது, உண்மையில் பால்மாரிஸ் லாங்கஸ் என்ற தசையின் நாண்.

தெரியலையா? கவலை வேண்டாம். பாடப்புத்தகக் கணக்குப்படி சுமார் 15 சதவீதம் பேருக்கு ஒரு கையிலோ இரண்டிலுமோ இந்தத் தசை கிடையாது. அதனால் கைப்பிடியின் பலம் பெரிதாகக் குறைவதில்லை. இருப்பவர்களுக்கு ஒரு லாபம்: வேறு இடத்தில் நாண் அறுந்தால், மருத்துவர்கள் இதை எடுத்து அங்கே பொருத்துவார்கள்.

ஆனால், எல்லா வித்தியாசமும் இவ்வளவு சாதுவானது இல்லை. ஒரு சிறுநீரகத்துக்கு ஒரு தமனி என்றுதான் படித்திருப்போம். சுமார் நான்கில் ஒருவருக்குக் கூடுதல் தமனி இருக்கிறது. அன்றாட வாழ்க்கையில் அது தெரியவே தெரியாது. சிறுநீரக தானத்தின்போது கவனிக்காமல் வெட்டுப்பட்டால், ரத்தப்போக்கு ஏற்படலாம். அந்தத் தமனியை நம்பியிருக்கும் சிறுநீரகப் பகுதியும் செயலிழக்கலாம். தானம் தருபவருக்கு முன்கூட்டியே சிடி ஆஞ்சியோகிராம் எடுப்பது இதற்காகத்தான்.

ஸ்கேன் ரிப்போர்ட்டில் ‘வேரியன்ட்’ என்று இருந்தால், பெரும்பாலும் அது நோய் இல்லை. உங்கள் உடலின் அமைப்பு. போனில் படம் எடுத்து வையுங்கள். அறுவை சிகிச்சை என்று வந்தால் மருத்துவரிடம் காட்டுங்கள். அந்த ஒரு வரியை நோயாளிக்குப் புரியும் தமிழில் சொல்ல வேண்டியது மருத்துவமனைகளின் பொறுப்பு. சொல்லாவிட்டால், தயங்காமல் கேளுங்கள்.