வாவி நீரையும் சோதியுங்கள்

மருந்துக்கு மடியாத கிருமி மருத்துவமனைக்குள்ளேதான் பிறக்கிறதென்று எண்ணுவோர் புதுடில்லியை நோக்கட்டும். அங்கே தெருவோரத் தேங்குநீர் மாதிரிகள் 171இல் 51இலும், குழாய்நீர் மாதிரிகள் 50இல் 2இலும், வல்லமை மிக்க கார்பபெனெம் மருந்துகளையே முறியடிக்கும் என்.டி.எம்.-1 என்ற பரம்பரையலகு இருந்ததென 2011இல் ஆய்வாளர் வெளியிட்டனர். வாந்திபேதிக் கிருமியும் அதனைப் பெற்றிருந்தது! மட்டக்களப்புக் குடிமுறை போலத் தாய்வழி முதுசொம்மோடு அமைவனவல்ல பற்றீரியாக்கள். கழிவுநீரிற் கூடும்போது வேற்றினத்திடமும் வாங்கிக் கொள்கின்றன.

இடுப்பளவு வாவி நீரில் நின்று வலை வீசும் பழுகாமத்தானுக்குக் காலிற் புண் உண்டானால்? மாத்திரையை முறையாக விழுங்கென்று அவனுக்குப் புத்தி சொன்னாற் போதுமா? ஆஸ்பத்திரிக் கழிவும் பண்ணைக் கழிவும் வாவியிற் சேருமுன் சுத்திகரிக்கப்படுதல் வேண்டும். நீரைச் சோதித்த முடிவை அரசினர் தமிழிலே ஊர்தோறும் அறிவிக்கட்டும்.