ஹோம் லோன் தாமதம்: புரோக்கர் ‘ரெண்டு நாள்’ என்றால் யாரைக் கேட்பது?

“ஃபைல் லீகல்ல இருக்கு சார், ரெண்டு நாள்ல வந்துடும்.” புரோக்கர் மூலம் வீட்டுக் கடனுக்கு விண்ணப்பித்தவர்களுக்கு நன்றாகப் பழகிய பதில் இது. ரெண்டு நாள், ரெண்டு வாரமாகும். இந்தப் பக்கம் வீட்டை விற்பவர், “அக்ரிமென்ட் டேட் முடியப் போகுது தம்பி, பத்திரம் எப்போ?” என்று கேட்டுக்கொண்டே இருப்பார். அந்தத் தேதி தாண்டினால், அட்வான்ஸாகக் கொடுத்த லட்சங்களுக்கே சிக்கல் வரலாம்.

இந்த நேரத்தில் பெரும்பாலானவர்கள் செய்வது, புரோக்கருக்குத் திரும்பத் திரும்ப போன் போடுவது. ஆனால், கடன் விண்ணப்பத்துக்குப் பதில் சொல்ல வேண்டிய பொறுப்பு அவருக்கு இல்லை, வங்கிக்குத்தான் இருக்கிறது. இதைப் புரிந்துகொண்டால் பாதிக் குழப்பம் தீரும்.

புரோக்கர் யாருடைய ஆள்?

நாம் லோன் புரோக்கர் என்று சொல்பவர்களில் பலர், வங்கிகளின் ‘டி.எஸ்.ஏ.’, அதாவது நேரடி விற்பனை முகவர்கள். இவர்களுக்கு கமிஷன் தருவது வங்கி. அதுவும் கடன் தொகை கைக்கு வந்த பிறகுதான். வாடிக்கையாளர் தனியாகப் பணம் தர வேண்டியதில்லை.

இதில்தான் விஷயம் இருக்கிறது. லோன் முடியாவிட்டால் அவருக்கு வருமானம் இல்லை. வாடிக்கையாளர் வேறு வங்கிக்குப் போய்விட்டாலும் இல்லை. அதனால், ஃபைல் நின்றுபோயிருந்தாலும் “மூவ் ஆகிட்டிருக்கு” என்று சொல்லத் தோன்றுவது இயல்பு.

அதற்காக எல்லா புரோக்கர்களையும் குறை சொல்ல முடியாது. கிராம நத்தம் மனைக்கு எந்த வங்கி கடன் தரும், சொந்தத் தொழில் செய்பவரின் வருமானத்தை எந்த வங்கி எப்படிக் கணக்கிடும் என்பதெல்லாம் அனுபவமுள்ள முகவருக்கு அத்துப்படி. அலைச்சலைக் குறைப்பதும் அவர்தான். ஆனால், கடனை அனுமதிக்கும் அதிகாரம் அவரிடம் இல்லை.

ஃபைல் உண்மையில் எங்கே நிற்கிறது?

முதல் இடம், ‘லாகின்’. ஆவணங்களை வாங்கிக்கொண்ட முகவர், அதை வங்கியில் பதிவே செய்யாமல் வைத்திருக்கலாம். ஒரு பேப்பர் குறைகிறது, எந்த வங்கிக்குக் கொடுப்பது என்று முடிவாகவில்லை எனக் காரணம் எதுவாகவும் இருக்கலாம். விண்ணப்ப எண் வரவில்லை என்றால், விண்ணப்பம் இன்னும் வங்கிக்கே போகவில்லை என்ற சந்தேகம் வர வேண்டும்.

இரண்டாவது, வருமானச் சரிபார்ப்பு. சமீபத்தில் வேலை மாறியவர்கள், புரொபேஷனில் இருப்பவர்கள், சம்பளத்தின் ஒரு பகுதியை இன்சென்டிவாக வாங்குபவர்களுக்கு இங்கே கூடுதல் கேள்விகள் வரும்.

மூன்றாவது, லீகல். தமிழ்நாட்டில் அதிக நாள் பிடிப்பது பெரும்பாலும் இதுதான். வங்கியின் வழக்கறிஞர் மூலப்பத்திரம், வில்லங்கச் சான்று, பட்டா என எல்லாவற்றையும் ஒன்றோடு ஒன்று ஒப்பிடுவார். பட்டா இன்னும் பழைய உரிமையாளர் பெயரிலேயே இருக்கும். அப்பா இறந்தபின் பிள்ளைகள் விற்கும் சொத்தில் வாரிசுச் சான்றிதழ் இருக்காது. விற்பவர் தன் பழைய கடனை எப்போதோ அடைத்திருப்பார். ஆனால், அதற்கான ரசீது ஆவணத்தைப் பதிவு செய்யாததால், இ.சி.யில் அந்த அடமானம் அப்படியே தெரியும். இதில் எதுவுமே புரோக்கர் கையில் இல்லை. விற்பவர்தான் சரிசெய்து தர வேண்டும்.

மனையாக இருந்தால் இன்னொரு கேள்வியும் உண்டு. சென்னைப் பெருநகரப் பகுதிக்கு சி.எம்.டி.ஏ., மற்ற இடங்களுக்கு டி.டி.சி.பி. அங்கீகாரம் இருக்கிறதா? 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான அங்கீகாரமில்லாத மனைப் பிரிவுகளை வரன்முறைப்படுத்தும் திட்டத்தை 2017-ல் அரசு கொண்டுவந்தது. அப்படி வரன்முறை செய்யப்பட்ட மனை என்றால் அதற்கான உத்தரவைக் கேட்பார்கள்.

நான்காவது, டெக்னிக்கல். பொறியாளர் நேரில் வந்து அளப்பார். வரைபடத்தில் இல்லாத மாடி ஒன்று கட்டடத்தில் இருந்தால் அங்கேயும் ஃபைல் நிற்கும்.

மதிப்பீடு குறைந்தால் என்ன ஆகும்?

தாமதத்தைவிடப் பெரிய அதிர்ச்சி இந்தக் கட்டத்தில்தான் வரும். ரிசர்வ் வங்கி விதிப்படி, 30 லட்சம் ரூபாய் வரையிலான வீட்டுக் கடனுக்கு சொத்து மதிப்பில் 90%, 30 முதல் 75 லட்சம் வரை 80%, அதற்கு மேல் 75% என்பதுதான் உச்ச வரம்பு. ஒப்பந்த விலை, பொறியாளர் மதிப்பீடு இரண்டில் எது குறைவோ அதைத்தான் வங்கிகள் பொதுவாக எடுத்துக்கொள்ளும்.

60 லட்சத்துக்குப் பேசிய வீடு என்று வைத்துக்கொள்வோம். 80% என்றால் கடன் 48 லட்சம். கையிலிருந்து 12 லட்சம். பொறியாளர் 54 லட்சம்தான் மதிப்பு என்று எழுதினால், கடன் 43.2 லட்சமாகக் குறையும். கையிலிருந்து 16.8 லட்சம் போட வேண்டும். இதோடு முத்திரைத் தீர்வை 7%, பதிவுக் கட்டணம் 2% சேர்த்து, 60 லட்சத்துக்குப் பத்திரம் போட்டால் 5.4 லட்சம் தனி. கடைசி வாரத்தில் இந்தக் கணக்கு தெரியவந்தால் திடீரென்று யாரிடம் போய்க் கேட்பது? அதனால், ‘லோன் ஓகே’ என்ற வார்த்தையை நம்பி அட்வான்ஸை உயர்த்தக் கூடாது. வருமானத்தை மட்டும் பார்த்துத் தரும் முதற்கட்ட அனுமதி வேறு, சொத்தையும் பார்த்துத் தரும் இறுதி அனுமதி வேறு.

ஒரே நேரத்தில் நாலு வங்கியா?

“எதுல முதல்ல வருதோ அதுல எடுத்துக்கலாம் ப்ரோ” என்று சில முகவர்கள் ஒரே ஃபைலைப் பல வங்கிகளுக்கு அனுப்புவார்கள். ஒவ்வொரு வங்கியும் கிரெடிட் ரிப்போர்ட்டைப் பார்க்கும்போது அது விசாரணையாகப் பதிவாகும். குறுகிய காலத்தில் பல விசாரணைகள் இருந்தால் ஸ்கோர் குறையலாம். அடுத்த வங்கியும் ஏன் என்று கேட்கும். ஒவ்வொரு இடத்திலும் கட்டும் லாகின் கட்டணம் பெரும்பாலும் திரும்பி வராது.

ரிப்போர்ட்டை ஒரு நிறுவனம் பார்த்தால், கடன் தகவல் நிறுவனம் எஸ்.எம்.எஸ். அல்லது மின்னஞ்சலில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கி சொல்லியிருக்கிறது. அந்த மெசேஜ்களைப் பார்த்தாலே ஃபைல் எங்கெல்லாம் போயிருக்கிறது என்று தெரிந்துவிடும். சிபில் உள்ளிட்ட 4 நிறுவனங்களிடமும் ஆண்டுக்கு ஒருமுறை முழு ரிப்போர்ட்டை இலவசமாக வாங்கலாம்.

விதி என்ன சொல்கிறது?

கடன் தருவதில் நியாயமான நடைமுறைகளுக்கான விதிகளை 2003-ல் ரிசர்வ் வங்கி கொண்டுவந்தது. எல்லாக் கடன் விண்ணப்பத்துக்கும் ஒப்புகைச் சீட்டு தர வேண்டும். நியாயமான காலத்துக்குள் பரிசீலிக்க வேண்டும். கூடுதல் ஆவணம் தேவையென்றால் உடனே கேட்க வேண்டும். நிராகரித்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். முகவர் செய்யும் வேலைக்கும் வங்கியே பொறுப்பு.

2024 அக்டோபர் 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு, வட்டியையும் எல்லாக் கட்டணங்களையும் சேர்த்த ஆண்டுச் செலவைக் காட்டும் ‘முக்கிய விவர அறிக்கை’யையும், வாடிக்கையாளருக்குப் புரியும் மொழியில் தர வேண்டும். அதில் இல்லாத கட்டணத்தை வாடிக்கையாளர் சம்மதமில்லாமல் பின்னால் வசூலிக்க முடியாது.

தாமதமானால் செய்ய வேண்டியவை

முகவரிடம் மூன்று கேள்விகள் போதும். விண்ணப்ப எண் என்ன? எந்தக் கட்டத்தில் இருக்கிறது? வங்கி கேட்டு இன்னும் கொடுக்காத ஆவணம் எது? பதிலை வாட்ஸ்அப்பிலோ மெயிலிலோ எழுத்தாக வாங்க வேண்டும்.

பதில் தெளிவாக இல்லையென்றால், விண்ணப்ப எண்ணுடன் கிளைக்கோ வீட்டுக் கடன் பிரிவுக்கோ நேரடியாக மெயில் அனுப்பலாம். முகவருக்கும் அதில் நகல் வைக்கலாம். அவரை மீறிப் போகிறோமே என்ற தயக்கம் தேவையில்லை.

அதற்கும் அசையவில்லையென்றால் வங்கியின் குறைதீர்ப்புப் பிரிவில் புகார். 30 நாளில் பதில் இல்லையென்றாலோ, பதில் திருப்தியில்லை என்றாலோ ரிசர்வ் வங்கியின் ஓம்புட்ஸ்மனிடம் ஆன்லைனில் முறையிடலாம். தகவலுக்கு 14448. கடன் கேட்டது வீட்டுவசதி நிதி நிறுவனம் என்றால், புகார் போக வேண்டிய இடம் தேசிய வீட்டுவசதி வங்கி. ஒன்று நினைவில் இருக்க வேண்டும்: கடன் தருவதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதை ஓம்புட்ஸ்மன் மாற்ற மாட்டார். பதிலே சொல்லாமல் இழுத்தடிப்பதைத்தான் கேள்வி கேட்க முடியும்.

ஆனால், விற்பவரின் தேதி இந்த 30 நாளுக்காகக் காத்திருக்காது. அதனால், பாதுகாப்பை அக்ரிமென்ட்டிலேயே எழுதிக்கொள்வது நல்லது. சொத்து ஆவணக் குறையால் கடன் மறுக்கப்பட்டால் அட்வான்ஸ் முழுதும் திரும்ப வேண்டும் என்ற ஒரு வரி, லீகலுக்கும் டெக்னிக்கலுக்கும் போதுமான கால அவகாசம், தேதி நீட்டிப்பு என்றால் இருவரும் கையெழுத்திட்ட தாள். புது அபார்ட்மென்ட் என்றால், ரெரா சட்டப்படி பதிவு செய்த ஒப்பந்தம் இல்லாமல் விலையில் 10 சதவீதத்துக்கு மேல் பில்டர் வாங்கக் கூடாது. புரோக்கரிடம் நகல்கள் மட்டும் போதும். ஒரிஜினல் பத்திரங்கள் நேராக வங்கிக்குத்தான். வெற்றுப் படிவத்தில் கையெழுத்து, ஓ.டி.பி. இரண்டும் யாருக்கும் கூடாது.

மாற வேண்டியது வங்கிதான்

பாஸ்போர்ட் விண்ணப்பம் எங்கே இருக்கிறது என்று இன்று வீட்டில் உட்கார்ந்தபடியே பார்க்க முடிகிறது. 20 வருடம் கட்டப்போகும் கடனின் நிலையை மட்டும் ஒருவரின் வாட்ஸ்அப் பதிலை நம்பித் தெரிந்துகொள்ள வேண்டியிருப்பது சரியல்ல. விண்ணப்பம் முகவர் வழியாக வந்தாலும், ஒவ்வொரு கட்டத்தின் தகவலும் வாடிக்கையாளரின் எண்ணுக்கே நேரடியாகப் போக வேண்டும். லீகலில் என்ன குறை என்பதை, கண்டுபிடித்த அன்றே எழுத்தில் சொல்ல வேண்டும். கூடுதல் ஆவணத்தை உடனே கேட்க வேண்டும் என்ற விதி ஏற்கெனவே இருக்கிறது. ‘ஏஜென்ட்டைக் கேளுங்க’ என்று வாடிக்கையாளரைத் திருப்பி அனுப்பும் வழக்கத்தை வங்கிகள் நிறுத்தினால், விற்பவர் கொடுத்த தேதிக்குள் பத்திரம் முடிக்க முடியாமல் அட்வான்ஸை இழக்கும் நிலை பலருக்கு வராது.