கண்ணொளி திரும்பிய பின்னர்

'கண் கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்' என்பது பழமொழி. கண்புரையைப் பொறுத்தவரையில் அது இன்று பொருந்துவதில்லை. புரையால் மங்கிய கண்ணுக்குச் சத்திரசிகிச்சை மீண்டும் ஒளி தருகின்றது. ஆயினும், வைத்தியர் மீட்டுத் தந்த பார்வையைக் காக்கும் பொறுப்பு வீட்டாருடையதே.

முன்னாளில் புரை பிடித்த வில்லையை அகற்றியபின், அதற்கு ஈடாகத் தடித்த மூக்குக்கண்ணாடியைக் கொடுப்பதே வழக்கம். நோயாளர் தலையை அசைக்காது நாட்கணக்காகப் படுத்திருக்க வேண்டியிருந்தது. 1949ஆம் ஆண்டு லண்டனில் ஹரல்ட் ரிட்லி என்னும் கண் வைத்தியர் முதன்முதலாகச் செயற்கை வில்லையைக் கண்ணினுட் பொருத்தினார். யுத்தத்தின்போது விமானிகளின் கண்களுட் புகுந்த ஒருவகைப் பிளாஸ்திக் துண்டுகள் கண்ணுக்கு ஊறு செய்யாதிருந்ததை அவர் அவதானித்ததே இதற்கு வழிகாட்டிற்று. இன்று நவீன முறையிற் சுமார் 3 மில்லிமீற்றர் துவாரத்தின் வழியே, பெரும்பாலும் தையலின்றியே, சிகிச்சை நிறைவேறுகின்றது. பலர் அன்றே வீடு திரும்புகின்றனர். இந்த எளிமையே நம்மை அசட்டையாக இருக்கச் செய்துவிடுகின்றது. துவாரம் சிறிதாயினும் புண் புண்ணே அன்றோ?

முதற் கடமை, துளிமருந்தைத் தவறாது விடுதல். பார்வை தெளிந்துவிட்டதெனச் சிலர் ஒரு வாரத்தில் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். இது பெருந்தவறு. உள்ளே வீக்கம் தணியச் சில வாரங்கள் செல்லும். வைத்தியர் குறித்த நாள்வரை விடுதல் வேண்டும். சவர்க்காரமிட்டுக் கைகழுவி, கீழிமையை மெல்ல இழுத்து, ஒரு துளி விட்டுக் கண்ணை மூடிக்கொள்க. குப்பியின் நுனி இமையிற் படலாகாது. இருவகை மருந்தாயின் இடையே ஐந்து நிமிடம் கழிதல் நன்று. மிஞ்சிய மருந்தை வீட்டில் வேறொருவர் கண்நோவுக்கு விடுதல் கூடாது. அது கண்ணின் அழுத்தத்தை உயர்த்தக்கூடும்.

முலைப்பால், பன்னீர், பூச்சாறு முதலியவற்றைக் கண்ணில் விடும் கைவைத்தியம் அறவே வேண்டாம். முதல் வாரங்களில் தலையிற் தண்ணீர் வார்த்தல், எண்ணெய் முழுக்கு, கிணற்றில் நீரள்ளுதல், அடுப்பூதல் ஆகியவற்றை விலக்குக. நெற்றியில் நீறணியும்போதும் துகள் கண்ணில் விழாது பார்த்துக்கொள்க. உறக்கத்திற் கை கண்ணைக் கசக்காதிருக்க, இரவிற் கண்காப்பை அணிதல் வேண்டும். பத்தியம் எனக் கூறிப் பாட்டியாரைப் பட்டினி போட வேண்டியதில்லை. வழக்கமான உணவே போதும். நீரிழிவுள்ளோர் மட்டும் சர்க்கரையைக் கட்டுப்பாட்டில் வைத்திருத்தல் வேண்டும்.

சிறிது உறுத்தலும் கண்ணீர் வடிதலும் இயல்பே. ஆனால் நோவும் சிவப்பும் நாளுக்கு நாள் கூடினாலோ, தெளிந்த பார்வை மீண்டும் மங்கினாலோ, மின்னல்போல் ஒளி வெட்டினாலோ, திரை விழுந்தாற்போல் ஒருபக்கம் மறைந்தாலோ, அடுத்த கிளினிக் நாள்வரை காத்திராது அன்றே வைத்தியசாலைக்கு விரைக. கண்ணினுள்ளே கிருமி புகுந்துவிடின் சில மணிநேரத் தாமதமும் பார்வையைப் பறித்துவிடலாம்.

மாதங்களோ ஆண்டுகளோ கழித்துப் பார்வை மெதுவாக மங்கின், புரை மீண்டும் வந்துவிட்டதென அஞ்சற்க. செயற்கை வில்லையிற் புரை முளைப்பதில்லை. அதன் பின்னுள்ள மெல்லிய உறை தடித்திருக்கலாம். லேசர் கதிரால் அதனைச் சில நிமிடங்களிற் சீராக்கிவிடுவர்.

பார்வை மீண்டவர்க்கு உலகமே புதிது. நெடுங்காலம் மஞ்சள் படர்ந்த வில்லையினூடே பார்த்தவருக்கு, வெள்ளைச் சேலை நீலம் போட்டு வெளுத்தாற்போலத் தோன்றும். தூரம் தெளிந்தாலும், பத்திரிகை படிக்கப் பெரும்பாலோர்க்குக் கண்ணாடி வேண்டியிருக்கும். கண் ஆறிய பின்னரே அதனை அளந்து பெறுக. அதுவரை, முதியவர் படியிறங்குகையிற் கைகொடுக்கவும், வேளை தவறாது மருந்து விடவும் வீட்டிலுள்ள மாணவரே பொறுப்பேற்கலாம். நமக்கு எழுத்தறிவித்த கண்களுக்கு நாம் செலுத்தும் சிறு கைம்மாறு அது.